கடவுள் எழுதிய தானப் பத்திரம்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



வழக்கம்போல் நான் புராண ஆபாசங்களைப் பற்றியோ, திதி திவசங்களைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவைகளைப் பற்றி இப்போது நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடியவர்களாக இருக்கிறீர்கள். ஆதலால் இன்று ஒரு நாடகத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது நம் நாட்டு நாடகமல்ல. இஸ்ரேல் தேசத்து யூதர் ஒருவர் தமது பாஷையாகிய ஹீப்ருவில் எழுதியது. எனக்கு ஹீப்ரு தெரியாது. இங்கிலீஷும் பள்ளிக்கூடத்தில் படித்து வந்ததல்ல. அகராதியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு படித்ததுதான். ஆகவே சில்லறைத் தவறுகள் இருந்தால் அறிந்தவர்கள் திருத்தலாம்.

நாடகத்தை எழுதியவர் மோட்டி லெர்னர் என்பவர். 1949-ல் பிறந்தவர். சர்வகலாசாலையில் கணக்கும் பௌதிகமும் படித்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர். 1987-ல் டெல் அவீவ் நகரத்துக் கமேரி நாடக சாலையில் இந்த நாடகம் நடந்தது. பிறகு ஆசிரியரே சில மாற்றங்கள் செய்து கொடுக்க, 2007-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்திலும் இங்கிலீஷில் நடந்தது. நாடகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் "மேசியாவின் பிரசவ வேதனை" என்று ஆகும்.

கதை ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. ஷ்முவேல் என்று ஒரு ரபி, அதாவது யூத மத குரு. நம்மூர்க் கிறிஸ்தவர் வாயில் சொன்னால் சாமுவேல். அவர் மனைவி அமாலியா. பிள்ளைகள், மகள், மருமகன். இவர்கள் இருப்பது இஸ்ரேல் எல்லைக்குள் அல்ல. 1967-ம் வருஷ யுத்தத்தில் இஸ்ரேல் ஜோர்டானிடமிருந்து பிடித்துக்கொண்ட யோர்தான் நதியின் மேல்கரைப் பிரதேசத்தில், அரபியர் ஊர்களுக்கு நடுவில் குடியேறி வீடு கட்டிக்கொண்டவர்கள். ரபி சாமுவேல் அந்தக் குடியேற்றக்காரர்களுக்கு ஒரு தலைவர். மந்திரிகளோடு பேசக் கூடியவர். சட்டத்துக்கு உட்பட்டே எல்லாம் நடக்கவேண்டும் என்பவர். மருமகன் பென்னியோ, அரபியர்மேல் வன்முறை செய்த ரகசியக் கூட்டத்தில் சேர்ந்து ஜெயிலுக்குப் போய் மீண்டவன். இந்த வேளையில் இஸ்ரேல் சர்க்கார் பாலஸ்தீனரோடு சமாதான ஒப்பந்தம் செய்யப்போகிறது என்றும், குடியேறியவர்களெல்லாம் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றும் சேதி வருகிறது. அந்தச் சேதி அந்த வீட்டை என்ன செய்கிறது என்பதுதான் நாடகம். முடிவை நான் சொல்லப் போவதில்லை. அதைப் படித்தோ பார்த்தோ தெரிந்துகொள்வதுதான் நியாயம்.

தோழர்களே! இந்த நாடகத்தில் என்னை நிற்க வைத்தது என்னவென்றால், அந்த வீட்டில் அயோக்கியர் ஒருவரும் இல்லை என்பதுதான். ரபி பணம் பிடுங்குகிறவரல்ல. தட்சணைக்காக மந்திரம் சொல்கிறவரல்ல. சொன்னதைச் செய்கிறவர், பெண்டு பிள்ளைகளிடம் பிரியமுள்ளவர். அமாலியா நம் வீட்டுத் தாய்மார்களைப் போலவே குடும்பத்தைக் கட்டிக்காக்கப் பார்க்கிறவள். பக்தியில் வேஷமில்லை. அப்படியிருக்க, இவ்வளவு யோக்கியமான வீட்டிலிருந்து வெடிகுண்டு எப்படிப் புறப்படுகிறது? ஆசிரியர் கேட்கும் கேள்வி அதுதான் என்று நான் அறிந்துகொண்டேன்.

அதற்குப் பதில் பெயரிலேயே இருக்கிறது. மேசியா என்கிற இரட்சகர் வருவதற்கு முன்னால் உலகத்துக்குப் பெரிய துன்பங்கள் வரும், அவை பிரசவ வேதனை போன்றவை என்பது யூத மத நூல்களில் உள்ள பழைய நம்பிக்கை. அந்தத் துன்பத்துக்குப் பயந்து, அந்தக் காலத்தில் தாங்கள் உயிரோடு இல்லாமலிருந்தால் போதும் என்று சொன்ன பண்டிதர்களும் பூர்வத்தில் உண்டு. இப்போது இந்த நம்பிக்கையின் சௌகரியத்தைப் பாருங்கள். யுத்தத்தில் ஜெயித்தால், இரட்சகர் நெருங்கிவிட்டார். பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், அது பிரசவ வேதனை. எது நடந்தாலும் நம்பிக்கைக்குச் சேதமில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். வலி எடுத்தால் பிள்ளை பிறக்கவேண்டும். பத்து மாதம் கழிந்து, பதினைந்து மாதமாகி, வலி மாத்திரம் இருந்து பிள்ளை இல்லையென்றால் என்ன சொல்லுவீர்கள்? இது கர்ப்பமல்ல, கட்டி. வைத்தியரிடம் போ என்பீர்களா, மாட்டீர்களா? மதத்தில் மாத்திரம் இரண்டாயிரம் வருஷம் வலி எடுத்தாலும் அதைக் கர்ப்பம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1666-ல் ஒரு கூத்து நடந்தது. சபத்தாய் செவி என்கிற ஒருவர் தாமே மேசியா என்று சொல்ல, பல தேசத்து யூதர்கள் நம்பினார்கள். துருக்கி சுல்தான் அவரைப் பிடித்து வந்ததும், அவர் உயிருக்குப் பயந்து முஸ்லிமாகிவிட்டார். அதோடு முடிந்ததா? அதற்கும் ஓர் உட்பொருள் கண்டுபிடித்து, அதன் பின்னும் அவரை நம்பிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்! யூதர்கள் மாத்திரந்தான் இப்படி என்று யாரும் சிரிக்கவேண்டாம். கல்கி அவதாரத்துக்குக் காத்திருப்பவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள்.

நிற்க, இந்தக் குடும்பங்கள் அந்த மலைகளுக்கு எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இஸ்ரேல் என்கிற ராஜ்யத்துக்கு முயற்சி செய்த ஆதித் தலைவர்களில் பெரும்பாலோர் மதத்தில் பற்றில்லாதவர்கள். ஹெர்ஸ்லும் பென் குரியனும் அப்படியே. வைதீக ரபிகளில் அநேகர், மேசியா வருமுன் மனிதன் ராஜ்யம் அமைப்பது பாவம் என்று எதிர்த்தார்கள். ஆனால் கூக் என்கிற ஒரு பெரிய ரபி, 1935-ல் காலமானவர், இந்த நாஸ்திகர்கள் தங்களை அறியாமலே கடவுளின் வேலையைத்தான் செய்கிறார்கள் என்று ஒரு வியாக்கியானம் கொடுத்தார். எவ்வளவு கெட்டிக்கார வியாக்கியானம்! நாஸ்திகனுடைய உழைப்பையும் கோயில் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் வித்தை இது.

அவர் மகன் இளைய கூக், 1967 மே மாதத்தில் தமது மாணாக்கர்கள் முன், எபிரோன் எங்கே, எரிகோ எங்கே, நம்முடைய ஊர்களெல்லாம் நம் கையில் இல்லையே என்று புலம்பிப் பேசினார். மூன்று வாரத்தில் யுத்தம் வந்தது. ஆறே நாளில் அந்த ஊர்களெல்லாம் இஸ்ரேல் சேனையின் கையில் விழுந்தன. மாணாக்கர்களுக்கு வேறு என்ன வேண்டும்? குரு தீர்க்கதரிசியாகிவிட்டார். விமானமும் டாங்கியும் செய்த காரியம் கடவுள் பேரில் பதிவாகிவிட்டது.

1968-ல் லெவிங்கர் என்கிற ரபியும் சில குடும்பங்களும் பஸ்கா பண்டிகையைக் கொண்டாட என்று எபிரோன் நகரத்தில் ஒரு ஹோட்டலில் அறைகள் எடுத்துத் தங்கினார்கள். பண்டிகை முடிந்தும் போகமாட்டோம் என்றார்கள். நாத்திகப் பழக்கமுள்ள மந்திரிகள் அவர்களை விரட்டாமல், ஊருக்குப் பக்கத்திலேயே கிரியாத் அர்பா என்கிற குடியேற்றத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். மதக்காரனைத் தாங்கள் உபயோகித்துக்கொள்வதாக அரசியல்காரன் நினைத்துக்கொண்டான். யார் யாரை உபயோகித்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. 1974-ல் "நம்பிக்கையாளர் கூட்டம்" என்று பொருள்படும் குஷ் எமுனீம் என்கிற இயக்கம் ஏற்பட்டது. நாடகம் நடந்த 1987-ல் மேல்கரையில் 60 ஆயிரத்துக்குட்பட்டிருந்த குடியேறியோர் தொகை, 2023-க்குள் கிழக்கு எருசலேமைச் சேர்க்காமலே ஐந்து லட்சத்துக்குப் போய்விட்டது.

இதிலே ஒரு வியாஜ்யத்தை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். 1979-ல் நாப்ளூஸ் பக்கத்தில் ருஜெய்ப் என்கிற அரபியர் கிராமத்து நிலத்தை எடுத்து, எலோன் மோரே என்கிற குடியேற்றத்துக்குக் கொடுத்தார்கள். நிலத்துக்காரர்கள் இஸ்ரேலின் உச்ச நியாயஸ்தலத்துக்கே போனார்கள். ராணுவத் தளபதி, தேசப் பாதுகாப்புக்காக நிலம் தேவை என்று சொன்னார். அப்படிச் சொன்னால் கோர்ட்டு ஒப்புக்கொள்ளும் என்பது சர்க்காருக்குத் தெரியும். ஆனால் குடியேறியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாதுகாப்புக்காக நாங்கள் வரவில்லை, இந்தப் பூமியைச் சுதந்தரித்துக்கொள் என்று ஆண்டவன் கட்டளையிட்டிருக்கிறான், அதற்காக வந்தோம் என்று தாங்களே பிரமாணம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! ஜட்ஜுகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தனி மனிதனுடைய நிலத்தைப் பிடுங்க இது காரணமாகாது, காலி செய் என்று தீர்ப்பளித்தார்கள்.

அந்தக் குடியேற்றக்காரர்களை நான் ஒரு விஷயத்தில் மெச்சுகிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் ஜெயித்திருக்கவும் கூடும். ஆனால் அந்த உண்மைதான் எவ்வளவு பயங்கரமானது என்று யோசித்துப் பாருங்கள். ருஜெய்ப் கிராமத்துக் குடியானவன் கையில் பாட்டன் காலத்துப் பத்திரம் இருக்கிறது. எதிரியின் கையிலும் பத்திரம் இருக்கிறது. ஆனால் அது கடவுள் ஆபிரகாமுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம். எந்தச் சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவானது? எழுதிக் கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? சாட்சி யார்? தானம் வாங்கினவரின் சந்ததியாரே சாட்சி. இந்தப் பத்திரத்துக்கு முன்னால் மனிதன் எழுதிய எந்தப் பத்திரமும் செல்லாது. பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்றால், கடவுள் கொடுத்ததில் பாதியை விட்டுக்கொடுக்க மனிதனுக்கு அதிகாரமில்லை என்று பதில் வரும். தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்றால், அந்தக் கூட்டம் பக்கத்து மலைக்கு மாறிக்கொண்டது. சர்க்காரும் தனியார் நிலத்தை எடுப்பதை விட்டு, "சர்க்கார் நிலம்" என்று விளம்பரப்படுத்தி எடுக்கும் வேறு வழியைப் பிடித்துக்கொண்டது.

கடவுள் கட்சிக்காரராக வருவது யூதர் தேசத்தில் மாத்திரமல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் நாட்டுச் சட்டம் சாமியை நிலம் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நபராகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1992 டிசம்பர் 6-ந் தேதி அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது. 2019 நவம்பரில் முடிந்த அதன் நில வழக்கில் குழந்தை இராமரே ஒரு வாதி. அந்த வாதிக்கே கோயில் கட்ட நிலம் தீர்ப்பாயிற்று. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

நாடகத்துக்கு வருகிறேன். அதன் பின்னால் நிற்கும் உண்மைச் சம்பவங்கள் இவை. 1980 ஜூன் மாதத்தில் மேல்கரையில் அரபிய நகரசபைத் தலைவர்களின் மோட்டார் வண்டிகளில் குண்டு வைத்தார்கள். நாப்ளூஸ் தலைவர் பஸ்ஸாம் ஷக்காவுக்கு இரண்டு கால்களும் போயின. 1983-ல் எபிரோனில் இஸ்லாமியக் கல்லூரிக்குள் புகுந்து சுட்டதில் மூன்று மாணவர்கள் செத்தார்கள். 1984 ஏப்ரலில் அரபியர் ஏறும் பஸ்களில் குண்டு வைக்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். விசாரித்ததில், எருசலேமில் உள்ள முஸ்லிம்களின் பொற்கூரை ஸ்தலத்தையே வெடி வைத்துத் தகர்க்க இவர்களில் சிலர் வெகு நாள் திட்டம் போட்டு, ராணுவத்திலிருந்து வெடிமருந்தும் திருடி வைத்திருந்தது வெளிவந்தது. அப்படித் தகர்த்தால் எகிப்தோடு செய்த சமாதானம் கெடும். சினாயைத் திருப்பிக் கொடுப்பது நின்றுவிடும். இரட்சிப்பும் விரைந்து வரும் என்பது அவர்கள் கணக்கு.

ஏன் செய்யவில்லை? மனச்சாட்சி உறுத்தியா? லட்சக்கணக்கான ஜனங்கள் யுத்தத்தில் சாவார்களே என்றா? இல்லை, தோழர்களே! குண்டு செய்யத் தெரிந்தவர், ஒரு பெரிய ரபியின் அனுமதி இல்லாமல் செய்யமாட்டேன் என்றார். எந்த ரபியும் அனுமதி கொடுக்கவில்லை. அவ்வளவுதான். ஒரு ரபி தலையை அசைத்திருந்தால் உலகம் என்ன ஆகியிருக்கும்? அசைக்கவில்லை என்பதற்காக அந்த ரபிகளை நான் பாராட்டுகிறேன். ஆனால் கொலை செய்யலாமா கூடாதா என்கிற கேள்வியை, படித்த ஒரு மனிதன், பெண்டாட்டி பிள்ளை உடையவன், தானே யோசித்து முடிவு செய்யாமல் இன்னொருவனுடைய தலை அசைவுக்கு விட்டிருந்தானே, அதைத்தான் நாம் அடிமைப் புத்தி என்கிறோம். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்ற மூவரும், தண்டனை குறைக்கப்பட்டு 1990 டிசம்பரில் வெளியே வந்துவிட்டார்கள்.

இப்போது மாமனாரையும் மருமகனையும் பாருங்கள். ரபி சாமுவேல் வன்முறை கூடாது என்கிறவர். ஆனால் பென்னிக்கு அவரால் பதில் சொல்ல முடியுமா? இந்த மண் கடவுள் கொடுத்தது, இதை ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருபது வருஷம் சொல்லிக் கொடுத்தவர் யார்? அவரேதான். மருமகன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "மாமா! கடவுள் கட்டளை பெரிதா, மந்திரிசபைத் தீர்மானம் பெரிதா?" மந்திரிசபை பெரிது என்றால் இருபது வருஷப் போதனையும் பொய்யாகிவிடும். கடவுள் பெரிது என்றால் குண்டை எடுத்துக் கையில் கொடுத்தது போலாகும். இது நாடகத்தில் உள்ள வசனமல்ல. படிக்கும்போது என் மனதில் ஓடியது. மிதவாதி விதைத்ததைத்தான் தீவிரவாதி அறுக்கிறான் என்பதைக் கதாநாயகன் வாயால் சொல்லாமல், ஒரு தகப்பனுடைய திகைப்பினாலேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

நாடகம் வந்த பிறகு நடந்தவை என்ன? 1993 செப்டம்பரில் ரபின் என்கிற பிரதம மந்திரி பாலஸ்தீனத் தலைவர் அராபத்தோடு ஒப்பந்தம் செய்தார். 1994 பிப்ரவரி 25-ந் தேதி கோல்ட்ஸ்டைன் என்கிற வைத்தியர், கிரியாத் அர்பாவிலிருந்து போய், எபிரோன் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றார். உயிர் காக்கப் படித்த மனிதர்! 1995 நவம்பர் 4-ந் தேதி ரபினையே ஒரு யூத வாலிபன் சுட்டுக் கொன்றான். அவன் சட்டம் படித்த மாணவன். மத சாஸ்திரப்படியே செய்தேன் என்றான். 2005 ஆகஸ்டில் காஸாவிலிருந்த 21 குடியேற்றங்களிலிருந்து ஏறத்தாழ 8 ஆயிரம் பேரைச் சர்க்கார் வெளியேற்றியது. கடவுள் விடமாட்டார், இது நடக்கவே நடக்காது என்று கடைசி நாள்வரை சொல்லிய ரபிகள் உண்டு. நடந்தது. வீடுகளைப் புல்டோசர் இடித்தது. தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே பஸ் ஏறினார்கள். அழைத்துப்போன சிப்பாய்களில் பலரும் அழுதார்கள். அந்தக் கண்ணீரை நான் பரிகாசம் செய்யமாட்டேன். அந்தப் பெண்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்த போதனையைத்தான் கேள்வி கேட்கிறேன். அந்த நிலத்தில் முன்னிருந்தவர்களின் கண்ணீருக்கு எந்தப் பெருவழியும் இல்லாமலிருந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு யூதர்களே இப்படித்தான் என்று யாராவது வெளியே போய்ச் சொன்னால், என் பேச்சு வீண். ஐரோப்பாவில் ஹிட்லர் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றது அந்த மாதிரிப் பேச்சில் ஆரம்பித்ததுதான். இந்த நாடகத்தை எழுதியவரே யூதர். லெய்போவிட்ஸ் என்கிற ரசாயன பண்டிதர் ஒருவர், சனிக்கிழமை ஆசாரம் தவறாத வைதீக யூதர், 1967 யுத்தம் முடிந்த உடனேயே, பிடித்த இடங்களை விட்டுவிடுங்கள், மண்ணையும் ராஜ்யத்தையும் கும்பிடுவது விக்கிரகாராதனை என்று சொல்லத் தொடங்கி, 1994-ல் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கடவுள் விஷயத்தில் அவருக்கும் நமக்கும் ஒத்து வராது. ஆனால் சொந்த ஜனங்களின் ஏச்சுக்குப் பயப்படாமல் நின்ற மனிதர் என்கிற முறையில் அவர் நமக்குத் தூரமானவரல்ல.

லெர்னருக்கும் ஏச்சுக்குக் குறைவில்லை. ரபின் கொலையை வைத்து அவர் எழுதிய இன்னொரு நாடகத்தை நடத்த இஸ்ரேலில் நாடக சாலை கிடைக்காமல், 1999-ல் ஜெர்மனியில் ஹைல்பிரோன் நகரத்தில்தான் அது முதலில் நடந்தது.

கடைசியாக, நாடகம் போடும் நம் வாலிபத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாடகம் நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1934-லேயே பாரதிதாசனுடைய இரணியன் நாடகம் பெரியார் தலைமையில் சென்னையில் அரங்கேறியது. நானும் வாலிபத்தில் இரண்டு நாடகம் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றில் ஒரு குருக்களைக் கொண்டுவந்து, தொந்தியைக் குலுக்க வைத்து, தட்சணைக்காக நாய்க்கும் கருமாதி செய்கிறவராக எழுதினேன். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையில் அதே ஜனங்கள் அதே ஊரில் தேர் வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். முன் வரிசையில் உட்கார்ந்து பலமாகச் சிரித்த ஒரு பெரியவரை வடத்தோடு பார்த்துக் கேட்டேன். அவர், "தம்பி! நீ காட்டினவன் திருடன். எங்க ஊர்க் குருக்கள் ரொம்ப நல்லவர் அப்பா!" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நான் திருடனை மேடையேற்றியதால், நல்லவரைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. லெர்னர் நல்லவரையே மேடையேற்றிவிட்டார். பார்க்கிறவன் தப்பித்துக்கொள்ள அங்கே இடமில்லை.

ஆகவே தோழர்கள் கோமாளிக் குருக்களைக் கொஞ்ச நாள் ஓய்வில் வைத்துவிட்டு, ஒரு நல்ல பக்தனை, உங்கள் தகப்பனாரைப் போன்ற ஒருவரை, மேடையேற்றிப் பாருங்கள். சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட மகள் வாசலில் வந்து நிற்கிறபோது அந்த நல்ல மனிதர் என்ன செய்கிறார் என்று எழுதிப் பாருங்கள். எழுதுவது சுலபமல்ல. எழுதிக் கொண்டுவந்தால் ஒத்திகைக்கு நானும் வருகிறேன்.

நேரமாகிவிட்டது. கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் புறப்படலாம். மற்றவர்கள் கேள்விகள் இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பதில் சொல்லுகிறேன்.